சர்வீஸ் லிஃப்ட் அந்தப் பக்கம்

கேள்வி: மேடம், எனக்கு வயது 39. ஒயிட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். குடியிருப்போர் சங்கக் கமிட்டியிலும் இருக்கிறேன். போன வாரம் சனிக்கிழமை காலை, ஒன்பது வயது மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். உள்ளே ஒரு பெரியவர் நின்றிருந்தார். மடித்துக் கட்டிய கைலி, கசங்கிய சட்டை, ரப்பர் செருப்பு, கையில் கட்டைப்பை. பையிலிருந்து பைப் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பிளம்பர் என்று நினைத்து, "சர்வீஸ் லிஃப்ட் ஆ கடெ, அல்லி ஹோகி" (அந்தப் பக்கம், அங்கே போங்க) என்று கன்னடத்தில் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், "சரிம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்.

மறுநாள் மாலை வாசல் மணி அடித்தது. பதினோராவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண், "மாமா ஊர்லேர்ந்து கொண்டுவந்தாங்க" என்று நாலு முருங்கைக்காயை நீட்டினார். பக்கத்தில் அதே பெரியவர். அரவக்குறிச்சிக்காரராம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்லாசிரியர் விருது வாங்கியவர், மகன் இதய மருத்துவர், ஊரில் தோட்டம் துரவு உண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தக் காயைச் சமைக்கவும் மனசில்லை, தூக்கிப்போடவும் முடியவில்லை. மாதக் கடைசிவரை அவர் இங்கே இருப்பார்.

எளிமையான தோற்றத்தை வைத்து ஒருவரை எடை போட்டுவிட்டேன். மெட்ரோவில் விவசாயியை உள்ளே விடாத வீடியோ வந்தபோது கோபமாகப் பகிர்ந்தவள் நான். முந்தாநாள் என் மகள் சிலிண்டர் போட வந்தவரிடம் "அங்கிள், நீங்க அந்த லிஃப்ட்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கம் மூடியபின் அப்பா தினமும் பெங்களூரு வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். இப்போது அவர் இல்லை. மகளிடம் "தாத்தா கம்பெனியில் வேலை பார்த்தார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெரியவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? நான் கெட்டவளா?

— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கையில் பென்சில் இருந்தது, பழைய பழக்கம். அந்தப் பெரியவர் யார் என்று சொல்லும்போது தலைமையாசிரியர், விருது, இதய மருத்துவர் மகன், தோட்டம் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா கடைசிப் பத்தியில் வந்து, யார் மேலும் இடிக்காமல் ஓரமாக நிற்கிறார். மன்னிப்புக் கேட்பது சுலபம், பிறகு சொல்கிறேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன்னால் என் கதை ஒன்று. ஆலோசகர்கள் தங்கள் தப்பை வெளியில் சொல்லக் கூடாது என்பார்கள். இருக்கட்டும்.

அல்சூரில் என் அறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தண்ணீர் கேன் போடும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், யார் முகமும் எனக்குப் பதிந்ததில்லை. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மாலை, எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். உடம்போடு ஒட்டிய சட்டை, கணுக்காலுக்கு மேல் சுருட்டிய பேன்ட், படியேறிய மூச்சிரைப்பு. அரைப் பார்வை பார்த்துவிட்டு, "கேனை அந்த மூலையில வெச்சிடுங்க, காலி கேன் பால்கனியில இருக்கு" என்றேன். அவர் நகரவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். அவரிடம் கேன் இல்லை. ஒரு கையில் என் அறையில் எழுதிக் கொடுத்த சீட்டு, இன்னொரு கையில் கைக்குட்டை. "நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தீங்க மேடம்" என்றார்.

இருபது லிட்டர் கேன் ஒன்றும் சின்னப் பொருள் இல்லை. இல்லாத அதை என் கண் அவர் தோளில் தூக்கி வைத்துவிட்டது. உங்கள் கண் முருங்கைக்காயைப் பைப் ஆக்கிய மாதிரி. முதலில் ஆளை முடிவு செய்துவிடுகிறோம். பிறகு அந்த ஆளுக்கு வேண்டிய சாமான்களை நாமே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்.

அன்றைக்கு அவர் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவரும் சிரித்தார். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. வேறு காரணம் இருந்திருக்கலாம். தூக்கம் வராமல் என்னைத் தேடி வந்த மனிதர் அவர். அந்தக் கணக்கு என் நோட்டில் இன்னும் மூடப்படாமல்தான் கிடக்கிறது.

கண் இப்படி அவசரப்படுவதற்கு ஆராய்ச்சிகள் நிறைய உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்தது, 2019 இறுதியில் வெளியானது. ஒரே முகம். ஒரு தடவை கொஞ்சம் வசதியானவர் போடுகிற மாதிரி சட்டை, இன்னொரு தடவை கொஞ்சம் வசதி குறைந்தவர் போடுகிற மாதிரி சட்டை. இவர் எவ்வளவு திறமைசாலி என்று மார்க் போடச் சொன்னார்கள். வசதியான சட்டைக்கு மார்க் ஏறியது. படத்தை ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரமே காட்டினாலும் அப்படித்தான். சட்டையைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள், பணம் தருகிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். மாறவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மனுஷ புத்தியே இப்படித்தானா என்று. அப்புறம் அந்த ஆறுதலே இடித்தது. முதல் நினைப்பு நம் கையில் இல்லை, சரி. ஆனால் அந்த ஆராய்ச்சியில் யாரும் யாரையும் லிஃப்டிலிருந்து இறக்கிவிடவில்லையே. நினைப்பு தானாக வருகிறது. வாய் தானாகத் திறப்பதில்லை.

பழைய சோதனை ஒன்று உண்டு, 1971-ல் வந்தது, நியூயார்க்கில் நடந்தது. பொதுத் தொலைபேசிக் கூண்டில் ஒரு காசை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்துப் பேசப் போனவர் அந்தக் காசைப் பார்த்திருப்பார். திரும்பப் போய், "இங்கே காசு விட்டுட்டேன், பார்த்தீங்களா?" என்று கேட்பார்கள். நல்ல உடையில் கேட்டால் நாலில் மூன்று பேருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். கூலி வேலை செய்கிறவர் உடையில் கேட்டால் பத்தில் நாலு பேர்கூடக் கொடுக்கவில்லை. கேட்டவரின் காசுதான் அது, யாரும் தானம் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையோடு எனக்குச் சண்டை இருக்கிறது. "எளிமையான தோற்றம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் எளிமையான தோற்றத்துக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் லிஃப்டில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கழுத்து நைந்த டி-சர்ட், அரைக்கால் டிராயர், ரப்பர் செருப்பு, ஒரு வாரத் தாடி. கோரமங்கலாவில் காபி குடிக்கப் போனால் அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருப்பவர் கம்பெனி முதலாளியாகவே இருப்பார். அவரை யாரும் சர்வீஸ் லிஃப்டுக்கு அனுப்புவதில்லை. இத்தாலியின் மிலான் நகரில், விலை உயர்ந்த கடைகளில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டுச் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. ரோமக் கோட்டில் வருகிறவரைவிட ஜிம் உடையில் வருகிறவரைத்தான் பெரிய வாடிக்கையாளர் என்று அவர்கள் கணித்தார்கள். டிராயரிலும் முட்டி தெரிகிறது, மடித்துக் கட்டிய கைலியிலும் முட்டி தெரிகிறது. எந்த முட்டி மேலே போகலாம் என்பதை வேறு எதையோ வைத்து முடிவு செய்கிறோம்.

நீங்கள் பார்த்தது எளிமை இல்லை அம்மா, ஏழ்மை. அல்லது ஏழ்மை என்று நாம் பழக்கப்படுத்தி வைத்திருக்கும் அடையாளங்கள். கைலி, கட்டைப்பை, வெயில் பட்ட தோல், மண்ணில் வேலை செய்கிற விரல். நம் ஊர்களில் இந்த அடையாளங்களுக்குப் பின்னால் சாதியும் வந்து நின்றுகொள்ளும். "கொல்லைப்பக்கமா வா" என்று ஒரு காலத்தில் வாயால் சொன்னதை இப்போது இரண்டு லிஃப்ட் வைத்துச் சொல்கிறோம். ஆள் பாதி ஆடை பாதி என்பது வேலை தேடிப் போகிற பிள்ளைக்கு அம்மா சொல்கிற புத்தி. அதைக் கதவு திறந்துவிடுகிறவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொன்று. அவர் இரவு பஸ்ஸில் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் ராத்திரிப் பயணத்துக்குக் கைலிதான் கட்டுவார்கள். வேட்டி சட்டை பையின் அடியில், முருங்கைக்காய்க்குக் கீழே மடித்து இருந்திருக்கும்.

சரி, பென்சில் கோடு போட்ட இடத்துக்கு வருகிறேன். அவர் உண்மையிலேயே பைப் மாற்ற வந்தவராக இருந்திருந்தால்? மறுநாள் மணி அடித்திருக்காது. காய் வந்திருக்காது. எனக்கு இந்தக் கடிதமும் வந்திருக்காது. காலையிலிருந்து மூன்று வீடு ஏறி இறங்கிய ஒரு வயசான மனிதர் "சரிம்மா" என்று இறங்கி, அடுத்த லிஃப்டுக்காகக் காத்து நின்றிருப்பார். நீங்கள் ஏழாவது மாடியில் கதவு திறக்கும்போது மறந்திருப்பீர்கள். உங்களைக் குத்துவது தப்பான ஆளை இறக்கிவிட்டோம் என்பதா, ஒரு ஆளை இறக்கிவிட்டோம் என்பதா? பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

இது உங்களுடைய குறை மட்டும் இல்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப் வாசலில், வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது, வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது என்று. நல்ல சட்டம்தான். ஆனால் அதுவரை அந்த மாதிரி வாசல்களிலிருந்து திரும்பிப் போன மற்ற வேட்டிகளுக்காகச் சட்டமன்றம் கூடவில்லை.

நீங்கள் பகிர்ந்த வீடியோ 2024 பிப்ரவரியில் ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில் நடந்தது. அந்த விவசாயி கையில் டிக்கெட் இருந்தது, தலையில் மூட்டை இருந்தது. அதே வருடம் ஜூலையில் மாகடி ரோட்டில் ஒரு மால் வாசலில், மகனோடு படம் பார்க்க வந்த பெரியவரைப் பஞ்சே கட்டியிருக்கிறார் என்று நிறுத்தினார்கள். பஞ்சே என்றால் நம் வேட்டிதான். மெட்ரோவில் சூப்பர்வைசருக்கு வேலை போயிற்று. பெரியவரை மாலில் மரியாதை செய்து மன்னிப்புக் கேட்டார்கள், அரசாங்கம் அந்த வணிக வளாகத்தை ஏழு நாள் மூட வைத்தது. நமக்கெல்லாம் அந்த வீடியோக்களில் ஒரு சௌகரியம் இருந்தது. தப்பு செய்தவர் சீருடையில் இருந்தார். அவரும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்தான், அவர் அப்பாவும் பஞ்சே கட்டுகிறவராகவே இருப்பார். யாரை விடலாம், யாரை நிறுத்தலாம் என்பதை அவர் உள்ளே போய்வருகிற நம் முகச்சுளிப்பைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். மெட்ரோ வீடியோவில் எனக்குப் பிடித்தது கூட வந்த பயணிகள். தங்கள் ரயிலைப் பற்றிக் கவலைப்படாமல் நின்று கேள்வி கேட்டார்கள், அவரை உள்ளே கூட்டிக்கொண்டும் போனார்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும்.

தங்கவயல்காரர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். சுரங்கம் மூடிய 2001 பிப்ரவரி 28 என்ற தேதியை அவர்கள் சொல்கிற விதமே தனி, வீட்டில் சாவு விழுந்த நாளைச் சொல்வதுபோல. பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போன சுரங்கம் அது. அந்த மாதிரி இடத்தில் வேலை செய்தவர்கள், மூடிய பிறகு விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் பிடித்து இந்த ஊருக்கு வந்து, யாரோ ஒருவர் கட்டிய கட்டடத்தின் வாசலில் தொப்பி மாட்டிக்கொண்டு நின்றார்கள். உங்களுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அப்பா எந்தக் கட்டடத்தில் நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் கட்டடத்தில் அவரை எந்த லிஃப்டில் விட்டார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மனசைக் குடைவது சரியில்லை. கோபம் வந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். கஷ்டப்பட்டு மேலே ஏறி வந்தவர்கள் சிலர், ஏணி பக்கத்திலேயே காவலுக்கு நின்றுவிடுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, பயம். கைலியும் கட்டைப்பையும் லிஃப்டுக்குள் நின்றால் யாராவது திரும்பி "உங்க வீட்டுக்கு வந்தவங்களா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்த உருவம் உங்களுக்கு அந்நியமில்லை, உங்கள் வீட்டு உருவம். நீங்கள் கன்னடத்தில் பேசியதுகூட அதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர் தமிழில் "சரிம்மா" என்றதும் சுருக்கென்றிருக்கும். "ஹோகி" என்று மரியாதையாகத்தான் சொன்னேன் என்கிறீர்கள். மரியாதை விகுதி போட்டே ஒருவரை வெளியே அனுப்புவது நமக்கெல்லாம் கைவந்த வித்தை.

கெட்டவளா என்று கேட்டிருந்தீர்கள். கெட்டவர்கள் அந்த முருங்கைக்காயை அன்றைக்கே சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டிருப்பார்கள்.

லிஃப்டுக்குள் தெரியாத ஆண், கூடவே பெண் குழந்தை, எச்சரிக்கை வேண்டாமா என்று சில பேர் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் நீங்கள் அன்றைக்குப் பயப்படவில்லை. பயந்திருந்தால் ஏறாமல் இருந்திருப்பீர்கள். எச்சரிக்கை என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் கைலியிலா வருகிறார்கள்? போலீஸ் சீருடை போட்டுக்கொண்டு, பின்னால் அலுவலகம் மாதிரி ஜோடித்துக்கொண்டு வருகிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்க வேண்டிய அளவுக்கு அது போனது. பெங்களூரில் படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள் அதில் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். கைலியைப் பார்த்துக் கதவை மூடுகிற அதே கண், இஸ்திரி போட்ட சீருடையைப் பார்த்ததும் வங்கிக் கணக்கைத் திறந்துவிடுகிறது.

என் அறையில் நான் செய்துகொண்ட ஏற்பாடு சின்னது. வாசலில் யார் வந்தாலும் முதல் வார்த்தை "வாங்க, உட்காருங்க". அப்புறம்தான் மற்றதெல்லாம். தண்ணீர் கேன் பையனிடமும் அப்படியே சொன்னேன். அவன் கேனைத் தோளில் வைத்தபடி முழித்துவிட்டு, "இல்ல மேடம், கீழே இன்னும் ஆறு கேன் இருக்கு" என்றான். கொஞ்சம் அசடு வழியத்தான் செய்யும், பரவாயில்லை. லிஃப்டில் உங்களுக்கு இன்னும் சுலபம். "எந்த மாடிங்க?" என்று கேட்டுவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். அன்றைக்குக் கேட்டிருந்தால் பதினொன்று என்றிருப்பார்.

மன்னிப்புக்கு வருகிறேன். மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப் வேண்டாம். மருமகள் மூலமாகவும் வேண்டாம். லிஃப்டில் நடந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், பெரியவர் சொல்லியிருக்க மாட்டார். அவரைத் தனியாகப் பார்ப்பது கஷ்டமில்லை. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் அஞ்சரைக்கே எழுந்துவிடுவார்கள். பிள்ளை வீட்டில் ஏழரைவரை ஒரு அரவமும் இருக்காது. பாத்திரம் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று காபிகூடப் போட்டுக்கொள்ளாமல் கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த அடுக்ககத்திலும் காலை ஆறு மணிக்கு அப்படி மூன்று பேரைப் பார்க்கலாம். அங்கே போங்கள்.

"ஐயா, அன்னைக்கு உங்களை லிஃப்ட்லேர்ந்து இறங்கச் சொன்னது நான்தான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க." மூன்றே வாக்கியம். நாலாவதாக "நீங்க யாருன்னு தெரியாம" என்று வாய்வரை வரும், வழக்கமாக எல்லோருக்கும் வருவது. அங்கே பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் முதல் மூன்றும் போய்விடும். யார் என்று தெரிந்திருந்தால் இறக்கியிருக்க மாட்டேன், வேறு யாராவது என்றால் இறக்கியிருப்பேன் என்றுதான் அதற்கு அர்த்தம். அவர் வாத்தியார் வேறு, வாழ்நாளெல்லாம் வாக்கியம் திருத்தியவர். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, அழுதேன் என்றும் ஆரம்பிக்காதீர்கள். பெரியவர்கள் உடனே நம்மைத் தேற்றக் கிளம்பிவிடுவார்கள், கடைசியில் அவர்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். பழத்தட்டு, ஸ்வீட் பாக்ஸ் எதுவும் வேண்டாம். "அட, அதைப் போயி நினைச்சுக்கிட்டு" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார். எதுவானாலும் அது அவர் இஷ்டம்.

பிறகு பேச்சை முருங்கைக்குக் கொண்டுபோங்கள். அரவக்குறிச்சிக்காரரிடம் முருங்கையைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் நிச்சயம். மரமுருங்கையா செடிமுருங்கையா, பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்.-1 ரகம் வைத்தவர்கள் என்ன சொல்கிறார்கள், காய் கொட்டும்போது விலை எப்படி இறங்குகிறது என்று எல்லாம் வரும். ஃப்ரிட்ஜில் இருக்கும் நாலையும் இன்றைக்கே சமைத்துவிடுங்கள். இன்னும் நாலு நாள் போனால் நார்தான் மிஞ்சும். என்ன செய்தீர்கள் என்று அவர் நிச்சயம் கேட்பார்.

கமிட்டியில் இருக்கிறேன் என்பதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்தாலும் நான் விடுவதாக இல்லை. லிஃப்ட் பக்கத்தில் பலகை ஒன்று இருக்கும். வேலை செய்ய வருகிறவர்கள், டெலிவரிக்காரர்கள் அந்த லிஃப்டில்தான் போக வேண்டும் என்று. 2023-ல் இதே ஊரில் ஒரு குடியிருப்பு, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் பொது இடங்களில் உட்காரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டு, அது வெளியே வந்து நாறியது. சோபா, சிமென்ட் மூட்டை, சிலிண்டர் மாதிரி சுமைக்குத் தனி லிஃப்ட் வைத்துக்கொள்ளுங்கள், நியாயம்தான். வெறும் கையோடு வருகிற ஆளுக்கு எதற்குத் தனி லிஃப்ட்? "பெரிய சுமைகளுக்கு மட்டும்" என்று பலகையை மாற்றச் சொல்லிப் பாருங்கள். செக்யூரிட்டி, சுத்தம் என்று இரண்டு வார்த்தைகள் உடனே எழும்பும். நமக்குச் சப்பாத்தி மாவு பிசைகிற கை லிஃப்ட் பட்டனைத் தொட்டால் எப்படி அசுத்தமாகிறது என்று கேளுங்கள். அநேகமாகத் தோற்பீர்கள். கூட்டக் குறிப்பில் உங்கள் பெயரோடு ஏறட்டும், அடுத்த கூட்டத்தில் இரண்டாவது கை தூக்க யாராவது இருப்பார்கள்.

மகளுக்குப் பாடம் நடத்த வேண்டாம். சிலிண்டர் கனமானது, அது அந்த லிஃப்டில் போவதில் தப்பில்லை. சிலிண்டரை இறக்கிவிட்டு வருகிற அங்கிள் எந்த லிஃப்டில் வேண்டுமானாலும் போகலாம், இந்த வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள். பெரியவரிடம் போகும்போது அவளையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள், தூக்கக் கலக்கமாக இருந்தாலும் சரி. அவர் இறங்கியதைப் பார்த்தவள் அவள்தான்.

அப்புறம் தாத்தா. ஒன்பது வயது, சொன்னால் புரியும். வாயால் சொல்வதைவிட ஒரு நாள் அவளை அழைத்துப் போங்கள். உங்கள் அப்பா வந்துபோன ரயில் ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷன் வழியாகத்தான் ஓடுகிறது. நீங்கள் இன்றைக்கு வீடு வாங்கியிருக்கிற இடத்தைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போயிருக்கிறார், தூங்கி வழிந்துகொண்டே. பங்காருப்பேட்டை தாண்டி மாரிக்குப்பம், அதுதான் கடைசி ஸ்டேஷன், தவறவிட வழியில்லை. நேரம் மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், ஜன்னல் சீட்டை மகளுக்குக் கொடுங்கள். ஊர் நெருங்கும்போது சாம்பல் நிறத்தில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் தெரிய ஆரம்பிக்கும். அது என்ன மலை என்று கேட்பாள்.